ஒரு ரூபாய் டிக்கெட்டின் மிச்சக் கணக்கு

'சூரரைப் போற்று' படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். 2020 நவம்பரில், கொரோனாவால் தியேட்டர்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது நேராக ஓ.டி.டி.யில் வந்த படம். பிறகு தேசிய விருதுகளில் சிறந்த படம், நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை என்று ஐந்தை அள்ளியது. கொடுத்ததில் தப்பில்லை. ஊர்வசியின் அழுகையும் அபர்ணா பாலமுரளியின் வெடுக் வெடுக் பேச்சும் இரண்டாவது தடவையும் சலிக்கவில்லை. அப்பா சாகக் கிடக்கிறார். டிக்கெட்டுக்குப் பணம் பத்தாமல் சூர்யா ஏர்போர்ட்டில் மற்ற பயணிகளிடம் கை நீட்டுகிறார். அந்த இடத்தில் தொண்டை அடைக்காதவர்கள் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

கதை கேப்டன் கோபிநாத்தின் சுயசரிதையிலிருந்து எடுத்தது. 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கியவர். கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் கொரூரில் வளர்ந்தவரைச் சோழவந்தானுக்குக் குடிபெயர்த்து, வாத்தியார் மகனாகவே வைத்து, மதுரைத் தமிழ் பேச வைத்திருக்கிறார் சுதா கொங்கரா. 2024-ல் அதே கதையை இந்தியில் எடுத்தபோது மகாராஷ்டிரத்துக்குப் போய்விட்டது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிற கதை. எந்த ஊரில் இறக்கினாலும் பொருந்துகிறது, ஏனென்றால் எல்லா ஊரிலும் அண்ணாந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் குறை ஒன்றுதான். வெளுத்த வேட்டிக்காரரும் பாட்டியும் ப்ளேன் ஏறவேண்டும் என்று ஹீரோ துடிக்கிறார். சரி. அந்த ப்ளேனை ஓட்டப்போகிறவருக்கு மாதம் என்ன கொடுப்பார்? படம் அதற்குள் போகவில்லை. எதிரி பரேஷ் ராவல் என்று முடிவாகிவிட்டதால், அவர் தோற்றால் டிக்கெட் தானாக மலிவாகிவிடும் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

நிஜத்தில் நடப்பது வேறு. ஒரு விமானக் கம்பெனியின் செலவுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் விலை (சரி, ஏ.டி.எஃப்.) அவர்கள் கையில் இல்லை. விமானத்தின் குத்தகை டாலரில். ஏர்போர்ட் கட்டணம் அரசாங்கம் அல்லது அதானி, ஜி.எம்.ஆர். சொல்வது. சாப்பாடு, நியூஸ்பேப்பர், முட்டாய் எல்லாவற்றையும் நிறுத்தினாலும் மிச்சம் சொற்பம். பேரம் பேசக்கூடிய பெரிய அயிட்டம் ஒன்றே ஒன்றுதான். ஆள் சம்பளம்.

ஹீரோவின் ஊரான மதுரைக்கே நிஜமாக ஒரு விமானக் கம்பெனி இருந்தது. பாரமவுண்ட் ஏர்வேஸ். மதுரையைச் சேர்ந்த நூற்பாலைக் குழுமம் ஆரம்பித்தது. 2005 அக்டோபரில் பறக்கத் தொடங்கியது. பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் ஜெட், 70, 75 சீட், அத்தனையும் பிசினஸ் கிளாஸ். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று சுற்றி வந்தது. 2010-ல் குத்தகைக்காரர்களோடு தகராறாகி நின்றுபோயிற்று. ஏர் டெக்கான் ஏழைக்கு இறக்கை கட்டியது என்றால், பாரமவுண்ட் மில் முதலாளிக்கு மெத்தை போட்டது. ஆனால் இரண்டுமே சின்ன விமானங்களோடு தொடங்கிய கம்பெனிகள்.

அதென்ன 70, 75? காரணம் இருக்கிறது. அப்போது நம் ஊரில் 80 சீட்டுக்குக் குறைந்த விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது. அரசாங்கம் போட்ட கோடு, அதற்குக் கீழே ப்ளேன் வாங்கினார்கள். அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கோடு 76 சீட்டில் இருக்கிறது. அதைப் போட்டது அரசாங்கம் இல்லை, பைலட் சங்கம். வேடிக்கையான சமாச்சாரம், கொஞ்சம் விளக்க வேண்டும்.

அங்கே டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மாதிரிப் பெரிய கம்பெனிகள் சிற்றூர்களுக்குத் தாங்களே பறப்பது குறைவு. வாலில் பெயர் அவர்களுடையது, டிக்கெட் அவர்களுடையது, உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவர் வேறு ஒரு குத்தகைக் கம்பெனியின் ஆள். பாதிச் சம்பளம்கூட இல்லாமல் அதே வானம், அதே மழை. 'இப்படியே விட்டால் நாளைக்குப் பெரிய ப்ளேனையும் வெளியே கொடுத்துவிடுவான்' என்று பெரிய கம்பெனி பைலட்டுகள் பயந்து, ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதி வாங்கினார்கள். இத்தனை சீட்டுக்கு மேல் வெளியாளிடம் தரக்கூடாது. அதற்கு 'ஸ்கோப்' என்று பெயர். குத்தகைக் கம்பெனி பைலட்டுகளுக்கோ இது இரட்டைக் கோபம். முதலாளியும் கொடுக்கவில்லை, பெரியண்ணனும் வாசலில் தாழ்ப்பாள் போடுகிறான். 2001-ல் டெல்டாவுக்குப் பறந்த காம்ஏர் பைலட்டுகள் 89 நாள் ஸ்ட்ரைக் செய்தார்கள். காம்ஏர் 2012-ல் மூடப்பட்டது. வேலை இன்னும் மலிவான கம்பெனிகளுக்குப் போய்விட்டது.

இந்த மலிவின் விலை 2009 பிப்ரவரி 12 இரவு தெரிந்தது. நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகருக்கு அருகே கால்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். துணை விமானி 24 வயதுப் பெண். வருடச் சம்பளம் சுமார் 16,000 டாலர். வேலை பார்க்கும் ஊரில் வாடகை கட்ட முடியாது; நாட்டின் மறுகோடியிலிருந்து ராத்திரி முழுக்க வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு டியூட்டிக்கு வந்திருந்தார். விபத்துக்கு முதல் காரணம் கேப்டன் தவறாக இயக்கியது என்றுதான் விசாரணை சொன்னது. ஆனால் களைப்பும் சம்பளமும் நாடாளுமன்றம் வரை போயின. ஓய்வு விதிகள் மாறின, 1,500 மணி நேர அனுபவம் கட்டாயமாயிற்று. அப்படியும் அங்கே சிறிய கம்பெனிகளின் சம்பளம் நன்றாக ஏறியது 2022-ல்தான். கருணையால் இல்லை, ஆள் கிடைக்காததால்.

நம்மிடம் இந்தக் கூத்து இல்லையா? உண்டு, குடும்பத்துக்குள்ளேயே. இந்தியன் ஏர்லைன்ஸ் 1996-ல் அலையன்ஸ் ஏர் என்று ஒரு மகள் கம்பெனி ஆரம்பித்தது. அம்மா வீட்டில் நிரந்தர வேலை, மகள் வீட்டில் ஒப்பந்த வேலை. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றானபோது தகராறு பெரிய வீட்டுக்குள்ளும் வந்தது. ஒரே கம்பெனி, ஒரே சீருடை, இரண்டு சம்பளக் கணக்கு. 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள், சமச் சம்பளம் வேண்டும் என்று பத்து நாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த வருடம் பழைய ஏர் இந்தியா பைலட்டுகள், புது ட்ரீம்லைனர் பயிற்சியை அவர்களுக்கும் ஏன் கொடுக்கிறீர்கள் என்று 58 நாள் முரண்டு பிடித்தார்கள். நூறு பேருக்கு மேல் வேலை போயிற்று. தொழிலாளி தொழிலாளியோடு மோத, நிர்வாகம் கேலரியில் உட்கார்ந்திருந்தது. படத்தில் வைக்கவேண்டிய வில்லத்தனம் இதுதான். முகம் இல்லாததால் நடிகர் கிடைக்கவில்லை போலும்.

இதை மதுரைக்கார நண்பரிடம் சொன்னபோது சிரித்தார். "என்னண்ணே நீங்க... லட்சக்கணக்குல வாங்குறவனுக்குப் போய்ப் பரிதாபப்படுறீங்க! மாட்டுத்தாவணியில ராத்திரி பூரா ஆம்னி பஸ் ஓட்டுறானே, அவன் சம்பளம் தெரியுமா?"

நியாயமான கேள்வி. பதில் அவருடைய கேள்வியிலேயே இருக்கிறது. ஆம்னி பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் தூங்கி எழுந்து வந்திருக்கிறாரா என்று நாம் எல்லாருமே எட்டிப் பார்க்கிறோம். ப்ளேனில் எட்டிப் பார்க்க முடியாது, கதவு பூட்டியிருக்கும். பைலட்டின் சம்பளம் அவருடைய காருக்காக மட்டும் கொடுப்பதல்ல. "இன்னிக்கு என்னால முடியாது, வேற ஆளைப் போடுங்க" என்று அவர் சொல்லக்கூடிய தைரியத்துக்கும் சேர்த்துத்தான்.

அந்தத் தைரியம் சின்ன விமானத்தில்தான் முதலில் கரைகிறது. பைலட் லைசென்ஸ் வாங்க அரைக் கோடிக்கு மேல் ஆகிறது. பல வீடுகளில் நிலத்தையோ நகையையோ வைத்த பணம். தனி ரக விமானத்துக்கான பயிற்சிக்கு இன்னும் சில லட்சங்கள். கடனோடு வருகிற பையன், ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கும் குட்டி விமானத்தில், பெரிய ஜெட்காரரைவிடக் குறைந்த சம்பளத்தில் உட்காருகிறான். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். போகலாம், ஆறு மாதம் நோட்டீஸ் கொடுத்து. 2005-ல் வந்த விதி. 2017-ல் கேப்டன்களுக்கு அது ஒரு வருடமாயிற்று. என் வீட்டுக்காரர்கூட மூன்று மாத நோட்டீஸோடு விட்டுவிடுகிறார்.

கிங்ஃபிஷர் 2012-ல் முடங்கியபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. கோபிநாத்தின் ஏர் டெக்கான் கடைசியில் கரைந்துபோனது அந்தக் கம்பெனியில்தான் என்பதைப் படம் சொல்லாமல், வெற்றிக் கைதட்டலில் முடித்துக்கொள்கிறது.

2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது நினைவிருக்கும். பெட்டிகளின் மேல் தலைவைத்து ஜனங்கள் தூங்கிய படங்கள் வந்தன. காரணம், புது ஓய்வு விதி. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த ஓய்வு 48 ஆயிற்று, ராத்திரி இறங்குவதற்கும் கட்டுப்பாடு வந்தது. விதி வரப்போவது 2024 ஜனவரியிலேயே தெரியும். ஆட்களைத்தான் போதுமான அளவு எடுக்கவில்லை. அரசாங்கம் என்ன செய்தது? இண்டிகோவுக்கு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. ஜனங்களும் 'அப்பாடா' என்று ஏறிப் போனார்கள். தளர்த்தியது முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தூக்கத்தை என்று அதிகம் பேர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே 'சூரரைப் போற்று' பாதிப் படம். நல்ல பாதி. சாதாரண ஜனங்களுக்கு ஏறும் உரிமை உண்டு என்று நெஞ்சில் அடித்துச் சொன்னதற்காக அது நிற்கும். ஆனால் மாறாவின் அப்பா மனு எழுதிப் போராடும் வாத்தியார். அந்த மனிதர் இருந்து மகன் கம்பெனியின் சம்பளப் பட்டியலைப் பார்த்திருந்தால், முதல் மனுவை மகனுக்கே எழுதியிருப்பார். அப்படி ஒரு காட்சி வைத்திருந்தால் ஹீரோவுக்குக் கைதட்டல் குறைந்திருக்கும், படம் இன்னும் உயரத்தில் பறந்திருக்கும்.

அடுத்த முறை மதுரையில் குட்டி விமானத்தில் இறங்கும்போது, வாசலில் வணக்கம் சொல்லும் பெண்ணுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தால் உள்ளே ஒரு பார்வை பாருங்கள். நம் மலிவு டிக்கெட்டின் மிச்சத்தைக் கட்டியவர் அங்கே அடுத்த டிரிப்புக்குப் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார்.