திரும்பி வரும் மின்னோட்டம்

ரவுட்டர் ஒன்றைத் திறந்தால் பச்சைப் பலகையில் மெல்லிய செப்புக் கோடுகள் தெரியும். எனக்குப் பிடித்தது அவற்றுக்கு அடியில், கிரவுண்டுக்கென விரித்த செப்புத் தகட்டில் திரும்பி வரும் மின்னோட்டம்தான்.

போன மின்னோட்டம் திரும்பியே ஆகவேண்டும். குறைந்த அதிர்வெண்ணில் அது மின்தடை குறைந்த குறுக்குவழியைப் பிடிக்கும். மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஏறிவிட்டால் குணமே மாறிவிடுகிறது. தகடு முழுக்கக் காலியாகக் கிடந்தாலும், மேலே கோடு வளைகிற இடத்திலெல்லாம் தானும் வளைந்து அதன் அடியிலேயே வரும்; மின்தூண்டல் மிகக் குறைந்த வழி அதுதான். எதிரெதிராக ஓடும் இரண்டின் புலங்களும் சற்றுத் தள்ளிப் போனால் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இடைவெளி குறையக் குறைய அழிப்பும் கூடும். நான்கடுக்குப் பலகையில் அந்த இடைவெளி 0.2 மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இறங்கும். என்ன நெருக்கம்!

கெடுப்பதும் எளிது. கோட்டுக்குக் குறுக்கே தகட்டில் ஒரு பிளவு போதும். மின்னோட்டம் சுற்றிக்கொண்டு வரும், வளையம் பெரிதாகும், பலகையே ஆன்டெனாவாகிவிடும். அனலாக், டிஜிட்டல் என்று கிரவுண்டைப் பாகம் பிரிக்கிறவர்கள் பல நேரம் இந்த வம்பைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். மின்னோட்டம் மாறாமல் அதிர்வெண் மட்டும் இரட்டித்தால் சிறு வளையம் வீசும் புலம் நான்கு மடங்காகும். அப்புறம் உலோக மூடி, ஃபெரைட் வளையம் என்று செலவழிக்க வேண்டியதுதான்.