நள ஆண்டுப் புயலும் பாரதியின் காற்றும்

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், அந்நகரைத் தாக்கிய 1916ஆம் ஆண்டுப் புயலைக் கவிதையாக்கியுள்ளார். ‘புயற்காற்று’ என்னும் கவிதையின் தலைப்பை ஒட்டியே நள வருடம், கார்த்திகை 8, புதன்கிழமை இரவு என்று நாள் குறிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலக் கணக்கில் அது 1916 நவம்பர் 22. பாரதி இயற்கையைப் பராசக்தியாகக் கண்டார், ஆகவே அதன் சீற்றத்தின் முன் பணிந்தார் என்னும் பொதுவான விளக்கம் இக்கவிதைக்கு ஓரளவே பொருந்தும்.

கவிதையில் பேசுவோர் ஒரு கணவனும் ஒரு மனைவியும். இருவருக்கும் பெயரில்லை, இது அகமரபு. அகப்பாடலில் பொழுது என்பது ஆண்டுதோறும் திரும்பிவரும் பெரும்பொழுது. இங்கோ அது திரும்பி வாராத ஒரு புதன்கிழமை. கல்வெட்டைப் போல நாள் குறித்த அகக்கவிதை தமிழில் அரிது. வடிவம் அகமாயினும் காலம் வரலாற்றுக்குரியது. சாளரத்தின் வழியே படுக்கைவரை தூற்றல் பாய்வதைக் கூறிக் கணவனை எழுப்புபவள் மனைவி. அவனோ ஏழைக் குழந்தைகள் துன்புறாதிருக்கத் தேவியை வேண்டுகிறான். நேற்றுவரை குடியிருந்த வீட்டிலேயே இன்றும் இருந்திருந்தால் தம் நிலை என்னவாகியிருக்கும் என்று அவள் எண்ணிப்பார்க்கிறாள். தங்களைக் காத்தது தெய்வ வலிமையே என்று அவள் கூறினும், உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது வீடு மாறிய ஒரு நாள் இடைவெளி. மனித இயலாமை இங்குத் தத்துவமாக அன்றி, சுவராகவும் கூரையாகவும் பேசப்படுகிறது.

அதே புயலின் மறுபக்கம் ‘பிழைத்த தென்னந்தோப்பு’. சிறு திட்டொன்றில் இருந்த ஏழை ஒருவனின் தோப்பில் மரங்கள் சில வீழ்ந்தன, பல மீந்தன. வாயு அவனுக்காகப் பொறுத்துக்கொண்டான் என்கிறார் கவிஞர். காற்றுக்கு இரக்கம் உண்டு என்பது இதன் உட்கிடை. ஆனால் வசன கவிதையின் ‘காற்று’ப் பகுதியில் வரும் காற்றுத்தேவன் வேறானவன். நலிந்த வீட்டையும் நலிந்த உடலையும் அவன் நொறுக்குவான்; வேண்டினாலும் கேளான். ஆதலால் வீட்டைத் திண்மையுறக் கட்டுக என மானிடரை அழைக்கிறார் பாரதி.

இவ்விரு காற்றுகளையும் இணக்கிவிட முயல்வது பொருந்தாது. வலியோர்க்கே காற்று நட்பென்றால், வறியவனின் தோப்பு தப்பியதற்கு விளக்கமில்லை. வறியவனுக்கு அது இரங்குமென்றால், திண்ணிய வீடு கட்டுக என்னும் அறிவுரை ஏன்? பக்தி என்னும் ஒரு சொல்லால் இம்முரணை மூடும் உரைகள், கவிதையில் வரும் கணவனின் வேண்டுதலைக் கவனிப்பதில்லை. எல்லார் வீட்டின் மேலும் வீசுவது ஒரே காற்றுதான். ஆயினும் வேண்டுதல் ஏழைக் குழந்தைகளுக்காகவே எழுகிறது. திண்ணிய வீடு யாருக்கு வாய்க்கும் என்னும் வினாவை வசன கவிதை எழுப்பவில்லை. அந்த வினா புயலிரவின் இந்த வேண்டுதலுக்குள் இருக்கிறது.