அளவு மாதிரிச் சரக்குப் பெட்டிகள்: அமெரிக்க மரபும் அதன் அளவுகோல்களும்

அமெரிக்க மாதிரி ரயில் கலையில் எஞ்சினுக்குப் பின்னால் இழுபட்டுவரும் துணைப்பொருளாகவே நெடுங்காலம் கருதப்பட்ட சரக்குப் பெட்டி, சென்ற அரை நூற்றாண்டுக்குள் தனி ஆராய்ச்சிக்கும் தனிக் காட்சிக்கும் உரியதாக உயர்ந்திருக்கிறது. இவ்வுயர்வுக்கான காரணம் அந்நாட்டு ரயில்வேயின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. நீராவிக் காலத்து எஞ்சின் பெரும்பாலும் தன் கம்பெனியின் தடத்துக்குள்ளேயே ஓடியது. சரக்குப் பெட்டியோ, கம்பெனிகள் ஒன்றன் பெட்டியை மற்றொன்று ஏற்று இழுக்கும் இன்டர்சேஞ்ச் என்ற ஏற்பாட்டினால் கண்டம் முழுவதும் அலைந்தது. ஆகவே, ஒரே கம்பெனியின் ஒரு சிற்றூர் நிலையத்தை மட்டும் மாதிரியாக அமைக்க விரும்பும் கலைஞரும், பிற கம்பெனிகள் பலவற்றின் பெட்டிகளை அறிந்திருக்க வேண்டியவராகிறார்.

இக்கலையின் பொது இலக்கணத்தை வகுத்தது 1935ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ரயில் சங்கம். மிகுதியாக வழங்கும் ஹெச்.ஓ. அளவில் உண்மைப் பெட்டியின் ஓர் அடி மூன்றரை மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அதாவது மாதிரி, மூலத்தில் 87.1இல் ஒரு பங்கு. நாற்பதடிப் பெட்டி இவ்வளவில் 14 அல்லது 15 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அடிப்படையாக ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் எடை இருக்க வேண்டும் என்ற சங்கத்தின் பரிந்துரைப்படி அதன் எடை ஏறத்தாழ 110 கிராம் ஆகிறது. இதனிலும் குறைந்தால் வளைவுகளில் தடம் புரளக்கூடும். ஓட்டத்தின் பொருட்டுத் தோற்றத்தை விட்டுக்கொடுத்த இடங்களும் இவ்விலக்கணத்தில் உண்டு. நெடுங்காலம் வழங்கிய மாதிரிச் சக்கரத்தின் அகலம் 0.110 அங்குலம், அதை 87.1ஆல் பெருக்கினால் மூல அளவில் ஒன்பதரை அங்குலத்தைத் தாண்டுகிறது. உண்மைச் சக்கரமோ ஆறு அங்குலத்துக்கும் குறைவு. பெட்டியைப் பின்புறமிருந்து நோக்குபவர் கண்ணில் முதலில் உறுத்துவது இந்தத் தடித்த சக்கரமே என்பதால், நுட்பம் நாடுவோர் 0.088 அங்குலச் சக்கரத்துக்கு மாறினர். அதையும் கடந்து, மூல அளவையே அப்படியே சுருக்கும் புரோட்டோ 87 என்ற நெறியைச் சிலர் கடைப்பிடிக்கின்றனர்.

மூலப்பொருளை ஒட்டிப் பார்க்கையில் இம்மரபில் சில பள்ளிகள் தெளிவாகப் புலப்படுகின்றன. தொடக்கத்தில் மரக்கட்டையும் அட்டையும் வார்ப்பு உலோகச் சிறு உறுப்புகளும் கொண்ட உதிரித் தொகுப்புகளே கிடைத்தன. கட்டுபவரின் கைத்திறனே அங்கு எல்லாமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆதர்ன் போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகள் மலிவாகப் பரவி, இக்கலையை எளியோர்க்கும் உரியதாக்கின. ஆயினும் கூரை நடைபலகையும் ஏணிப்படியும் கைப்பிடியும் உடலோடு ஒட்டி வார்க்கப்பட்ட தடித்த புடைப்புகளாகவே நின்றன. உண்மைப் பெட்டியில் தொழிலாளர் பற்றி ஏறும் கைப்பிடிக் கம்பி முக்கால் அங்குலத் தடிமன் உடையது, ஹெச்.ஓ. அளவில் அது 0.22 மில்லிமீட்டர்தான். அப்புடைப்பைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு மெல்லிய கம்பியை வளைத்துப் பொருத்துவதே இன்றளவும் இக்கலைக்குள் நுழைவோர் செய்யும் முதற்பயிற்சி. ஜப்பானிலிருந்தும் பின்னர் கொரியாவிலிருந்தும் வந்த பித்தளைப் பெட்டிகள் விலை மிகுந்தவை. அவை கட்டுவோரைவிடச் சேகரிப்போரையே மிகுதியாக வளர்த்தன.

திருப்பம் ரெசின் பள்ளியால் வந்தது. ஒரு பெட்டியின் மூல அச்சைக் கையால் செய்து, அதன்மேல் ரப்பரை ஊற்றி அச்சுக்கூடு எடுத்து, அக்கூட்டில் ரெசினை வார்க்கும் இம்முறையில், பிளாஸ்டிக் வார்ப்புக்குத் தேவையான பெருமுதல் எஃகு அச்சு வேண்டியதில்லை. ரப்பர்க்கூடு சில பத்து வார்ப்புகளில் தேய்ந்துவிடுவதால் பெருந்தொகையாகச் செய்ய இயலாது. ஆனால், சில நூறு பேர் மட்டுமே விரும்பக்கூடிய அரிய வகைப் பெட்டிக்கும் இதனால் வாழ்வு கிடைத்தது. அல் வெஸ்டர்ஃபீல்டின் தொகுப்புகளும், மார்ட்டின் லாஃப்டன் நடத்திய சன்ஷைன் மாடல்ஸ் தொகுப்புகளும் இவ்வழியில் பெயர்பெற்றவை. ரெசின் தொகுப்பு வெளியிட வேண்டுமானால் வரைபடமும் புகைப்படமும் எண்வரிசையும் முன்கூட்டியே ஆராயப்பட வேண்டியிருந்தமையால், தயாரிப்பாளரே வரலாற்றாசிரியராகவும் ஆனார். இப்பள்ளி பழக்கிவிட்ட கண்களுக்கு ஈடுகொடுக்கவே பிளாஸ்டிக் நிறுவனங்களும் தம் தரத்தை உயர்த்த நேர்ந்தது என்று கூறுவது மிகையாகாது.

ஆவணத்தை நடுவராகக் கொள்ளும் இந்நெறியை மூலநெறி எனலாம். இங்கு 'நாற்பதடி மூடு பெட்டி' என்ற பொதுமை செல்லாது. எந்தக் கம்பெனியின் எந்த எண்ணுள்ள பெட்டி, எந்த ஆண்டில் என்பதே கேள்வி. பென்சில்வேனியா ரயில்ரோடு 1924 முதல் ஏறத்தாழ 30,000 என்ற அளவில் கட்டிய எக்ஸ்29 வகை எஃகுப் பெட்டி நல்ல சான்று. முற்காலத்தில் கட்டப்பட்டவற்றின் முனைச்சுவர் தட்டையானது. பிற்காலத்தவற்றில் அழுத்தி மடித்த வரிகள் புடைத்து நிற்கும். துருப்பிடித்த அடிப்பகுதியில் ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடித்த பெட்டிகளும் உண்டு. ஆண்டும் அவ்வாறே முடிவு செய்கிறது. 1933 முதல் புதிய பெட்டிகளில் வந்த ஏபி வகைக் காற்று பிரேக்கில் காற்றுத்தொட்டி, வால்வு, சிலிண்டர் ஆகிய மூன்றும் தனித்தனியே தொங்கும். பழைய கே வகையில் இவை ஒன்றாக இணைந்திருப்பது பெருவழக்கு. கே வகைப் பெட்டிகள் 1953க்குப் பின் இன்டர்சேஞ்சிலிருந்து விலக்கப்பட்டமையால், 1955ஆம் ஆண்டைக் காட்டும் காட்சியில் அத்தகைய பெட்டி பிற கம்பெனியின் தடத்தில் நிற்பது பிழையாகும். இவற்றைச் சரிபார்க்கக் கம்பெனிவாரியாகப் பெட்டிகளின் எண்வரிசையும் அளவும் தரும் பழைய பதிவேடுகளும், கார் பில்டர்ஸ் சைக்ளோபீடியாவும், ரிச்சர்ட் ஹென்ட்ரிக்சன், ஆண்டனி தாம்சன் போன்ற ஆய்வாளர்களின் எழுத்துகளும் துணைநிற்கின்றன.

வெயிலும் மழையும் புகையும் படிந்த தோற்றத்தை மாதிரியில் உண்டாக்கும் கலைக்கு முன்னோடியாகக் கொண்டாடப்படுபவர் கலிபோர்னியாவின் மான்டரே நகரத்து ஜான் ஆலன். நீர்த்த வண்ணக் கழுவலும், பொடித்த சுண்ணக் குச்சியும், எண்ணெய் வண்ணமும் இதன் கருவிகள். ஆனால் மூலநெறியாளர் அழுக்கைக்கூட ஆவணமாகவே படிக்கின்றனர். வெற்றுப் பெட்டியைக் குறித்த கால இடைவெளியில் மீண்டும் எடைபோட்டு, புதிய எடையையும் நாளையும் நிலையக் குறியையும் எழுதுவது அக்காலத்து விதி; அதற்காகப் பூசிய சிறு சதுரம் மட்டும் அழுக்கின் நடுவே புதிதாகத் துலங்கும். யார்டு ஊழியர் சுண்ணக்கட்டியால் கிறுக்கிய குறிப்புகளும் அவ்வாறே இடம்பெறுகின்றன. இவையின்றிப் பழுப்பு நிறத்தை மட்டும் தெளித்த பெட்டி, அழகாக இருக்கலாம்; நம்பத்தக்கதாக இராது.

காட்சிப்படுத்தும் முறையில் இரு மரபுகள் எதிரெதிர் நிற்கின்றன. சங்கத்தின் தகுதி மதிப்பீட்டில் 125 மதிப்பெண்களுள் கட்டுமானத்துக்கு 40, நுணுக்கத்துக்கு 20, மூலத்தோடு ஒத்திருப்பதற்கு 25, வண்ணத்துக்கும் எழுத்துக்கும் 25, உறுப்புகளைத் தாமே உருவாக்குவதற்கு 15 எனப் பகுக்கப்பட்டுள்ளது, 87.5 பெற்றால் தகுதிச் சான்று கிடைக்கும். கைவினையை வளர்த்ததில் இம்முறையின் பங்கை மறுக்க இயலாது. எனினும் மூலத்தோடு ஒத்திருப்பதற்கு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே தருவது மூலநெறியாளருக்கு உவப்பில்லை. இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில், புளோரிடாவின் கோக்கோ பீச் முதலிய ஊர்களில் அவர்கள் நடத்திவந்துள்ள கூட்டங்களில் போட்டியுமில்லை, பரிசுமில்லை. நீண்ட மேசைகளில் பெட்டிகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. அருகிலுள்ள அட்டையில் எந்தத் தொகுப்பு, என்னென்ன மாற்றம், எந்தப் புகைப்படம் ஆதாரம் என்பவை எழுதப்படுகின்றன. வண்ணம் பூசாத அரைகுறைப் பெட்டிகளுக்கும் இடமுண்டு. வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டும் மஞ்சள் ரெசினும் பளிச்செனத் தெரியும் அப்பெட்டிகளைச் சுற்றியே கூட்டம் மிகுதியாகச் சேர்கிறது. ஏனெனில் செய்முறை அவற்றில்தான் வெளிப்படையாக இருக்கிறது. இக்கலையைக் கற்க வருபவருக்கு மதிப்பெண் பட்டியலைவிட அந்த மேசைகளே பயன்தரும் பள்ளி. அங்கு செல்வோர் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் அருகிலுள்ள அட்டையைப் படிப்பது நலம்.