கேட்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர்

இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலில் பாதி வேலை, கேட்பவருக்குப் பதில் சொல்வது. கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்பவர் போனில் அழைத்து, “ஏனுங்க, ஒரு சின்ன சேஞ்ச்தான், மத்தியானத்துக்குள்ள மாத்திக் குடுத்துருங்க” என்பார். யாழ்ப்பாணத்தில் விருந்தினர் விடுதி நடத்துபவரிடமிருந்து வட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும்: “தம்பி, உந்த முதல் படத்தை ஒருக்கா மாத்தி விடுங்கோ, கனடாவில இருந்து அண்ணா சொல்லுறார்.” கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கோயம்புத்தூரில் கேட்பவரே முதலாளி, பணம் தருபவரும் அவரே. யாழ்ப்பாணத்தில் பணம் போட்ட அண்ணா டொரொன்டோவில் இருக்கிறார், விடுதியைப் பார்த்துக்கொள்வது தம்பி. இணையதளம் செய்பவர் இருவருக்கும் நடுவில் நிற்கிறார். தொழில் நடக்கும் விதமும், தொழிலை வளர்க்க எழுதும் எழுத்தும் இரண்டு நாடுகளில் வேறுபடுவதற்கு இந்த ஒரு வித்தியாசமே பெரும் காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் புதிய வாடிக்கையாளர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர். கூகுளில் தேடி வருகிறார், அல்லது ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட், சுலேகா வழியாக வருகிறார். அவருடைய ஒரு விசாரணை ஒரே நேரத்தில் பல நிறுவனங்களுக்குப் போகிறது. முதலில் கூப்பிடுபவருக்கே பேச்சு, அந்தப் பேச்சிலும் முதல் கேள்வி விலை. அறிமுகம் இல்லாத இடத்தில் காகிதம்தான் காப்பாற்றும். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், படம் யார் தருவது, எழுத்து யார் எழுதுவது, அட்வான்ஸ் எவ்வளவு என்று கொட்டேஷனில் எழுதாதவர்களுக்கு அந்தச் ‘சின்ன சேஞ்ச்’ முடிவதே இல்லை. வரியும் இந்தப் பேச்சுக்குள் வந்துவிடுகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது முதல் இந்தச் சேவைக்கு 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு நிறுவனம் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் ஏற்றுமதி நிறுவனங்கள் பதிவுள்ள பில்லைத்தான் கேட்கும். பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை பில் இல்லாமல் எவ்வளவு என்று கேட்கும். இரண்டுக்கும் ஒரே விலையை, ஒரே வாக்கியத்தில், தயங்காமல் சொல்பவர்கள்தான் இந்தச் சந்தையில் நிலைத்திருக்கிறார்கள்.

இலங்கையின் வடக்கில் சந்தை சிறியது. வேலை அறிமுகத்தின் வழியே வருகிறது: ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஊர், ஒரே கோயில். அந்த அறிமுகம் பல வேளைகளில் கடல் தாண்டியும் நிற்கிறது. பழைய மாணவர் சங்கத்தின் இணையதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ச்சங்கம் பள்ளிக்கூடத்தில் இருக்கும். கிளைகள் கனடாவில், இங்கிலாந்தில், சுவிட்சர்லாந்தில், ஆஸ்திரேலியாவில். பள்ளி அதிபர் ஒரு படம் அனுப்புவார், லண்டன் கிளை வேறு படம் அனுப்பும், நிகழ்ச்சி அறிக்கையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சிட்னியிலிருந்து கேட்பார்கள். எல்லோரும் ஒரே வட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். டொரொன்டோவில் மாலை வேலை முடிந்து வந்து எழுதுபவரின் செய்தி யாழ்ப்பாணத்தில் அதிகாலையில் வந்து விழும். இங்கே திருத்தத்தின் எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதிப் பயனில்லை. ஒவ்வொருவரும் ஒருமுறைதான் கேட்டிருப்பார், கேட்டவர்கள்தான் பலர்.

கேட்பவர்கள் எல்லோரும் அன்போடுதான் கேட்கிறார்கள். தாம் படித்த பள்ளிக்கூடம், தாம் பிறந்த ஊர். போர் முடிந்த காலத்தை ஒட்டி யாழ்ப்பாணக் கிராமங்கள் பலவற்றின் பெயரில் இணையதளங்கள் தோன்றின. ஊர்க்கோயில் தேர்த் திருவிழாப் படங்களும் மரண அறிவித்தல்களும் அவற்றில் வந்தன. தொலைவில் இருந்தவர்களுக்கு அது ஊருக்குப் போய்வந்ததற்கு அடுத்தபடி. அப்படிப்பட்ட ஒன்றைச் செய்து கொடுப்பவர் ‘இது கூடுதல் வேலை, கூடுதல் கட்டணம்’ என்று எழுதுவதற்குக் கை கூசும். நான் பார்த்தவரை நன்றாக நடத்துபவர்கள் ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறார்கள். சங்கம் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும், அவர் சரி என்று எழுத்தில் சொன்னது மட்டுமே தளத்தில் ஏறும். மற்றவர்கள் கேட்பதை மரியாதையோடு கேட்டு, அவரிடம் சொல்லும்படி அனுப்பிவிடுவார்கள். உறவும் கெடாது, வேலையும் முடியும்.

மொழியில் இலங்கைக்காரர் சுமக்கும் பாரம் அதிகம். தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தின் தளம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும், அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. இலங்கையில் வங்கி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காது. சிங்கள எழுத்துக்கு மேலும் கீழும் இடம் விட வேண்டும். வடிவமைப்பை ஆங்கிலத்தில் முடித்துவிட்டு மற்ற இரண்டையும் கடைசி வாரத்தில் திணிப்பதுதான் வழக்கம். தமிழ்ப் பக்கத்தை வைத்துத் தொடங்கினால் மூன்றும் அடங்கும் என்பது என் உறுதியான கருத்து.

எழுத்துருத் தொல்லை இரு கரைக்கும் பொது. யாழ்ப்பாணத்து அச்சகத்திலிருந்து வரும் வேர்ட் கோப்பு இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். தமிழ்நாட்டில் வானவில்லோ ஸ்ரீலிபியோ இருக்கும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது, இலங்கைக்கு எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்க் குறியீட்டுத் தரம் 2008இலேயே உண்டு. ஆனாலும் வாடிக்கையாளர் தருவது பழைய கோப்பைத்தான். ஈழத்தவரான சுரதாவின் எழுத்துரு மாற்றியைத் தமிழ்நாட்டிலும், சென்னையில் உருவான என்எச்எம் கன்வெர்ட்டரை இலங்கையிலும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மாற்றிய பிறகும் ஒருவர் முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கும் விலை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுச் சிறுகடைக்காரர் யூபிஐயில் நொடியில் அனுப்பிவிடுகிறார். இலங்கையில் இருப்பவர் பேபால் வழியாகப் பணம் அனுப்ப முடிந்தாலும் பெற முடியாது என்ற நிலைதான் பல ஆண்டுகளாக இருந்தது. அதனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வங்கி வழியையோ பேயோனியரையோ விளக்க வேண்டியிருந்தது. 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வந்த அடி இதைவிடப் பெரியது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த விலை மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. சேர்வர் வாடகை, டொமைன் புதுப்பித்தல், வார்ப்புரு உரிமம் எல்லாம் டொலரில். ஆண்டுக் கட்டணம் கட்ட வந்த வாடிக்கையாளருக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்புத் தொகையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போன மாதங்கள் அவை. அந்தக் காலத்தில் எது டொலரில் போகிறது, எது தன் கூலி என்று கணக்கைப் பிரித்து எழுதிக் காட்டியவர்கள் வாடிக்கையாளரை இழக்கவில்லை. அந்த விளக்கம் இன்று இணையத்தில் தமிழில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் தனித்தனிச் செய்திகளாகப் போய் மறைந்துவிட்டது.

என் பெரிய வருத்தம் இதுதான். தமிழ்நாட்டு நிறுவனங்கள் எழுதுகின்றன, மிக நிறைய எழுதுகின்றன. ஆனால் தேடுபொறிக்காக எழுதுகின்றன. சென்னைக்கு ஒரு பக்கம், சேலத்துக்கு ஒன்று, ஈரோட்டுக்கு ஒன்று. ஊர்ப்பெயரைத் தவிர ஒரு சொல் மாறியிருக்காது. கூகுள் இவற்றை விதிமீறல் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. 2024 மார்ச்சில், மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களுக்கு எதிரான விதியையும் சேர்த்தது. அந்தப் பக்கங்களைப் படித்து ஒருவரும் எதையும் தெரிந்துகொண்டதில்லை. கூகுள் விளம்பரம் தமிழ்ப் பக்கங்களுக்கு 2018இல் திறந்துவிடப்பட்ட பிறகும் இத்தொழிலின் எழுத்து ஆங்கிலத்திலேயே நிற்கிறது. யாழ்ப்பாணத்திலோ எழுதுவதே இல்லை. முகநூலில் முடித்த வேலையின் படத்தைப் போட்டு, வாழ்த்துப் பெற்று, அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள். யாழ் ஐடி ஹப் போன்ற அமைப்பு ஆண்டுக்கணக்காக இளைஞர்களைத் தொழில்நுட்பத்துக்குள் கொண்டுவந்திருக்கும் ஊர் அது. அங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. போனில் பொறுமையாக, தெளிவாகச் சொல்கிறார்கள். சொன்னது போனோடு முடிந்துவிடுகிறது.

வாடிக்கையாளர் கேட்பதையே எழுத்தாக்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சான்று வைத்திருக்கிறது. 2010இல் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனமான ஜென்டெஸ்க் விலையை ஏற்றியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்ததை ஹேக்கர் நியூஸில் படித்துத்தான் கிரிஷ் மாத்ருபூதம் அதற்குப் போட்டியாக ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். அந்தக் கதையை அவரே வெளிப்படையாக எழுதினார். நிறுவனத்துக்கு அது முதல் நல்ல விளம்பரங்களில் ஒன்றாயிற்று. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021இல் நாஸ்டாக் வரை போனது. பிறர் வாடிக்கையாளரின் குறையைக் கவனித்துக் கேட்ட ஒருவர், கேட்டதை மறைக்காமல் எழுதினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிவகாசியிலும் இப்படி எழுதுவதற்கு இடமிருக்கிறது. தீபாவளிக்கு முன் பட்டாசுக் கடைக்காரர்கள் வந்து, அட்டையில் பணம் கட்டும் வசதியோடு தளம் வேண்டும் என்பார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. விஷயம் தெரிந்த வடிவமைப்பாளர் பணம் கட்டும் வசதியைச் சேர்க்க மறுத்துவிடுவார். இந்தத் தீர்ப்பையும் அதனால் தளத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதையும் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்தால், ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு கடைக்காரரிடமும் தனித்தனியே வாதாட வேண்டியதில்லை. படித்துவிட்டு வருபவர் நம்பிக்கையோடும் வருவார்.

டொமைன் விஷயம் இன்னும் அவசரமானது. ‘உங்க பேர்லயே வாங்கிடுங்க’ என்று வாடிக்கையாளர் சொல்வார். ஓரிரு ஆண்டில் மனம் கசந்து பிரியும்போது கடையின் பெயரே அடுத்தவர் கையில் இருக்கும். இந்தியாவின் .இன் பெயர்களை அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸியின் அங்கீகாரம் பெற்ற பல பதிவாளர்கள் விற்கிறார்கள். எந்தப் பதிவாளரிடம், எந்த மின்னஞ்சலில் வாங்கியது என்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. இலங்கையின் .எல்கே 1990இலிருந்து ஒரே பதிவகத்தின் பொறுப்பில் இருப்பதால் எங்கே போய்க் கேட்பது என்பதாவது தெளிவு. ஆனால் அங்கும் புதுப்பித்தல் நினைவூட்டல், ஊரைவிட்டுப் போன பழைய வடிவமைப்பாளரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது, நினைவூட்டல் யாருக்கு வரும், கடவுச்சொல் யாரிடம், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு: இந்த நான்கும் அடங்கிய அரைப்பக்கத்தைக் கோயம்புத்தூர்க்காரர் கொட்டேஷனோடு இணைக்கலாம். யாழ்ப்பாணத்துக்காரர் சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு முன் குழுவில் போடலாம். அங்கே ஐந்தாவதாக ஒரு வரியும் வேண்டும்: நிர்வாகக்குழு மாறினால் இவை அனைத்தையும் யாரிடம் ஒப்படைப்பது.