நான்கு விநாடியில் ஐந்து குண்டு: பழக எங்கே இடம்?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டி நினைவிருக்கும். இறுதிச் சுற்றில் நான்கு விநாடிக்குள் ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டு. அமெரிக்காவின் பல பொதுச் சுடுதளங்களில் அந்த வேகத்தில் சுட்டால் முதல் தடவை எச்சரிக்கை, மறு தடவை வாசலைக் காட்டிவிடுவார்கள். குண்டுக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு விநாடியாவது இடைவெளி வேண்டும் என்பது அங்கே பரவலான விதி. சில இடங்களில் இரண்டு, மூன்று விநாடி. இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதும், நடந்துகொண்டே சுடுவதும் கூடாது.

விதி போட்டவர்களைக் குறை சொல்லிவிட முடியாது. பொதுத் தளத்துக்கு நேற்று துப்பாக்கி வாங்கியவரும் வருவார், முப்பது வருடம் சுட்டவரும் வருவார். தளத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிக்கு இருவருமே புதுமுகம்தான். அதனால்தான் இலக்குத் தாளை மாற்றும் நேரத்தில் அவ்வளவு கெடுபிடி. ‘சீஸ் ஃபயர்’ (சுடுவதை நிறுத்து) என்று குரல் கேட்டதும் மேகசினைக் கழற்ற வேண்டும். குண்டறையைத் திறந்து, காலி என்று காட்டும் வண்ணக் கொடியைச் செருக வேண்டும். துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். ஆட்கள் இலக்குப் பக்கம் நடமாடும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. இதில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து.

வேகத்துக்குத் தடை போட்டதற்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி முனை மேலே எகிறும். அது இறங்குமுன் விசையை மறுபடி அழுத்தினால் குண்டு இலக்குக்குப் பின்னால் உள்ள மண்கரையைத் தாண்டிப் போகலாம். சின்னஞ்சிறிய .22 ரவையே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. 2014 ஆகஸ்டில் அரிசோனாவின் ஒரு தனியார் தளத்தில், ஒன்பது வயதுச் சிறுமி கையிலிருந்த ஊஸி இயந்திரத் துப்பாக்கி தொடர்ந்து சுட்டபடி எகிறியதில், பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் இறந்துபோனார். உறை விஷயத்தில் உருவுவதைவிடத் திரும்பச் செருகுவது ஆபத்து. சட்டை நுனி விசையில் சிக்கினால் குண்டு பாய்வது சொந்தத் தொடையில்.

ஆனால் விளையாட்டு வீரருக்கு இந்த விதிகளால் ஏற்படும் இழப்பு பெரிது. ஓடியும் உறையிலிருந்து உருவியும் சுடும் பிராக்டிகல் ஷூட்டிங் போட்டியில் பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துத்தான் தரவரிசை. தேர்ந்தவர்கள் உறையிலிருந்து உருவி ஒரு விநாடி அளவில் முதல் குண்டைச் சுடுகிறார்கள். அடுத்தது கால் விநாடிக்குள். பிடி சரியா என்று காட்டிக்கொடுப்பது அந்தக் கால் விநாடிதான். மணிக்கட்டு பூட்டிக்கொண்டதா, இடது கை போதிய அளவு அழுத்துகிறதா, முனை கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஒரு விநாடி அவகாசம் கிடைத்தால் மோசமான பிடிகூடச் சமாளித்துவிடும். குறை தெரியாமலே போகும். மெதுவாகச் சுட்டுச் சுட்டு இதைக் கற்கவே முடியாது.

அதே போட்டியின் களம் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பரும் மற்றவர்களும் சேர்ந்து 1976-ல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் இந்த விளையாட்டுக்கான ஐபிஎஸ்சி அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் போட்டிகளில் ஓடலாம், உருவலாம், விரும்பிய வேகத்தில் சுடலாம். ஆனால் அதிகாரி சொல்லும்வரை எல்லோர் துப்பாக்கியும் காலி. துப்பாக்கியை எடுத்துப் பார்க்கத் தனி இடம் உண்டு. அங்கே ரவையைக் கையில் எடுக்கக் கூடாது. சுடும்போது நேரக்கருவியுடன் ஓர் அதிகாரி பின்னாலேயே வருவார். அவர் கண் பெரும்பாலும் வீரரின் துப்பாக்கி மீதும் விரல் மீதும்தான். முனை பக்கவாட்டு எல்லையைத் தாண்டினாலோ, துப்பாக்கி கைநழுவி விழுந்தாலோ, சாம்பியனே ஆனாலும் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. வேகத்துக்கு வரம்பு இல்லை, நடத்தைக்கு இருக்கிறது. பொதுத் தளத்தில் இது தலைகீழ்: கடிகாரத்தை மட்டும் பார்த்தால், விநாடிக்கு ஒன்றாக அலட்சியமாகச் சுடுபவர் தப்பிவிடுவார்; ஒழுங்காக வேகமாகச் சுடுபவர் மாட்டிக்கொள்வார்.

இடம் கிடைக்காதவர்கள் வீட்டுக் கூடத்தில் காலித் துப்பாக்கியை உருவிப் பழகுகிறார்கள். நல்ல பயிற்சிதான், பெரிய வீரர்களும் செய்வதுதான். ஆனால் துப்பாக்கி எகிறுவதை அது கற்றுத்தராது. காலி என்று நம்பிய துப்பாக்கி காலியாக இல்லாமல் போனால், தடுத்துச் சொல்ல அங்கே அதிகாரியும் இல்லை.

எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. அதிகாரி முன்னால் உருவி, சுட்டு, பத்திரமாகத் திரும்பச் செருகிக் காட்டுபவருக்கு அனுமதி அட்டை கொடுக்கலாம். சில தளங்கள் இப்படிச் சோதித்துத்தான் அனுமதிக்கின்றன. நான் பார்த்தவரை இதைவிட நியாயமான வழி இல்லை. இதற்கெனத் தனி இடம் அமைக்கப் பணம் இல்லை என்ற பதிலும் முழுமையாக எடுபடாது. 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும், மற்ற துப்பாக்கிகளுக்கும் ரவைகளுக்கும் 11 சதவீதமும் வரி. வனவிலங்குப் பாதுகாப்போடு சுடுதளங்களுக்கும் அந்தப் பணம் போகிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுத் தளம் கட்டும் செலவில் 90 சதவீதம்வரை அதிலிருந்தே எடுக்கலாம். புதிதாகத் தளம் கட்டும் மாநிலங்கள், மூன்று பக்கமும் மண்கரை எழுப்பிய இரண்டு தனித்தடங்களை வரைபடத்திலேயே சேர்த்துவிடட்டும். அட்டை வைத்திருப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு மாலையாவது, ஓர் அதிகாரியின் மேற்பார்வையில், அவற்றைத் திறந்துவிடட்டும்.