பச்சோந்திச் சொல்லும் பயணக் கட்டணமும்

சட்டத்தில் ஒரு சொல். அச்சொல்லுக்கு ஐந்து பிரபுக்கள் கண்ட பொருள். அப்பொருளின் விளைவாக இலண்டன் பாட்டாளி கொடுத்த பயணக் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு! கற்பனையல்ல, தோழர்களே, நடந்தேறிய வரலாறு. 1981 டிசம்பர் 17-ஆம் நாள் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ப்ராம்லி வழக்கில் வழங்கிய தீர்ப்பையே இங்கே ஆராய்கிறோம். சட்டம் பயில்வோர் இன்றும் ஓதும் தீர்ப்பு அது. ஓதப்படுவதனாலேயே ஒன்று வேதமாகிவிடுமா?

1981 மே திங்களில் பெருநகர் இலண்டன் மன்றத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. பயணக் கட்டணத்தைக் கால் பங்கு குறைப்போம் என்று வாக்களித்திருந்தது. கென் லிவிங்ஸ்டன் தலைமையில் அமைந்த மன்றம் அக்டோபரில் பேருந்து, சுரங்க இரயில் கட்டணங்களைச் சராசரியாக நூற்றுக்கு 32 குறைத்தது. வருவாயில் விழுந்த பள்ளத்தை நிரப்ப, கட்டட உடைமைமீது விதிக்கப்படும் உள்ளாட்சி வரியை உயர்த்தியது. கன்சர்வேடிவ் கட்சியினர் ஆண்ட ப்ராம்லி வட்டார மன்றம் வழக்குமன்றம் ஏறிற்று. அவ்வட்டாரத்தில் சுரங்க இரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை என்பது உண்மை. முதலில் விசாரித்த மன்றம் வழக்கைத் தள்ளியது. டென்னிங் பிரபு அமர்ந்த மேல்முறையீட்டு மன்றம் ஏற்றது. பிரபுக்கள் சபை ஒருமனதாக முத்திரையிட்டது.

எந்தச் சொல் அது? 1969-ஆம் ஆண்டு இலண்டன் போக்குவரத்துச் சட்டம், ஒருங்கிணைந்த, திறமையான, ‘எக்கனாமிக்’ ஆன போக்குவரத்தை வளர்க்குமாறு மன்றத்தைப் பணித்தது. சிக்கனமானது என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். வரவும் செலவும் கட்டிவருவது என்றும் கொள்ளலாம். சூழலுக்கேற்ப நிறம் மாறும் பச்சோந்திச் சொல் இது என்று ஸ்கார்மன் பிரபுவே ஒப்பினார். ஒப்பிய பின்னர் என்ன நிறம் பூசினர்? வணிகன் கடையின் நிறம்! பெரும்பான்மையோர் வணிக நெறியே அச்சொல்லின் பொருள் என்றனர். டிப்ளாக் பிரபு வேறு வழியில் நடந்து அதே ஊருக்கு வந்து சேர்ந்தார்: வரி கொடுப்போரின் பணத்துக்கு மன்றம் அறங்காவலர் போன்றது, அதைச் சிக்கனமின்றிச் செலவிட்டது குற்றம் என்றார். அதே சட்டம், எந்த நோக்கத்துக்காகவும் போக்குவரத்துக்கு மானியம் வழங்கலாம் என்று மன்றத்துக்கு உரிமை அளித்திருந்தது. அந்தப் பிரிவு பிரபுக்களின் கண்ணுக்கு எட்டாமலில்லை, எட்டியும் சுருக்கப்பட்டது.

தேர்தல் வாக்குறுதி ஒன்றையே காரணம் காட்டி எதையும் செய்யலாகாது என்று தீர்ப்பு சொல்கிறது. அதை மறுக்கமாட்டோம், வாக்குறுதி சிந்தனைக்கு மாற்றாகாது. இன்னொன்றும் வலுவான வாதமே. மன்றம் வரம்பு மீறிச் செலவிட்டதால் நடுவண் அரசின் மானியத்தில் சுமார் 5 கோடி பவுன் பறிபோகும். ஆகவே வரி கொடுப்போர் இருமுறை சுமக்க நேரும் என்றனர். ஆனால் அந்தத் தண்டத்தை விதித்தவர் யார்? தாட்சர் அரசன்றோ! அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவன் ஏன் முதுகைக் காட்டினான் என்று கேட்பதா நீதி?

அடிப்படைப் பிழை வேறிடத்தில் இருக்கிறது. பயணி ஒரு பக்கம், வரி கொடுப்பவன் மறுபக்கம், இவன் பையிலிருந்து அவன் பைக்குப் பணம் போகிறது என்று தராசு பிடித்தனர். இலண்டன் வரிப் பணத்தில் பாதிக்கு மேல் தந்தவை வணிக, தொழில் நிறுவனங்கள். அவற்றுக்கு வாக்குரிமை இல்லையே என்று அவற்றின்பால் பரிவும் காட்டினர். அந்நிறுவனங்களின் எழுத்தர் எதில் ஏறி வேலைக்கு வந்தார்? அங்காடியின் வாடிக்கையாளரை வாசலில் இறக்கிவிட்டது எது? இரயிலில் ஏறாத முதலாளியும் இரயிலால் வாழ்கிறான்! சொந்தக் காரில் செல்வோனுக்கும், நூறு பேர் பேருந்தில் ஏறியதனால் காலியான சாலை கிடைக்கிறது. கட்டணம் குறைந்த அச்சில திங்களில் பயணிகள் பெருகினர், நகருக்குள் வந்த கார்கள் குறைந்தன. இந்த ஆதாயத்தைப் பதிய பிரபுக்களின் பேரேட்டில் பக்கம் இல்லை. பயணச்சீட்டு விற்ற காசு மட்டும் வரவு, மற்றதெல்லாம் நட்டம். இப்படிக் கணக்கெழுதினால் தெருவிளக்கும் நட்டம், நூலகமும் நட்டம், தீயணைப்பு நிலையம் படுநட்டம்!

1982 மார்ச்சில் கட்டணம் ஏறிற்று, பயணிகள் இறங்கினர். மன்றம் சோர்ந்துவிடவில்லை. செலவையும் பயனையும் நிறுத்துப் பார்த்த புதிய திட்டம் ஒன்றைத் தீட்டியது. 1983 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அதைச் சட்டப்படி சரி என்றது. மே திங்களில் கட்டணம் கால் பங்கு குறைந்தது. பேருந்துக்கும் சுரங்க இரயிலுக்கும் பொதுவான பயண அட்டையும் வந்தது. அதே மன்றம், அதே மானியம், அதே சட்டம். காகிதத்தில் காரணங்கள் கூடின. நேற்றைய குற்றம் இன்று கடமையாயிற்று! வழக்குமன்றத்தில் தடுக்க இயலாததை நாடாளுமன்றத்தில் தடுத்தனர்: 1984-ஆம் ஆண்டுச் சட்டம் போக்குவரத்தை மன்றத்தின் கையிலிருந்து பறித்தது, 1986-இல் மன்றமே ஒழிக்கப்பட்டது.

பயணச்சீட்டே தாங்கவேண்டும் என்னும் எண்ணமோ ஒழியவில்லை. இலண்டன் போக்குவரத்தின் நடைமுறைச் செலவுக்கு நடுவண் அரசு தந்துவந்த பொது மானியம் 2018-இல் நின்றது. இரண்டே ஆண்டில் கொரோனா வந்தது. பெட்டிகள் வெறிச்சோடின. ஆயினும் செவிலியர் மருத்துவமனை சேர வண்டி ஓடியே ஆகவேண்டியிருந்தது. 2020 மே திங்களில், மானியமும் கடனுமாக 160 கோடி பவுனை அரசு எடுத்து வைத்தது.