சிதறிய உருவமும் இலக்கிய வகுப்பும்

சுந்தர ராமசாமியின் 'ஜே. ஜே: சில குறிப்புகள்' 1981இல் வெளிவந்தது. கற்பனை மலையாள எழுத்தாளனொருவனைப் பற்றிப் பாலு எழுதும் குறிப்புகளும், அவ்வெழுத்தாளனின் நாட்குறிப்புமாக அமைந்த இந்நாவலை வகுப்பிற் பயிலும் மாணவர் பெரும்பாலும் எழுப்பும் வினா, 'கதை எங்கே?' என்பதாகும். அதனை அறியாமையெனத் தள்ளுதல் பொருந்தாது. தொடர்கதைகள் வளர்த்த வாசிப்புப் பழக்கமே அவ்வினாவில் ஒலிக்கின்றது, அப்பழக்கத்துக்கும் வரலாறுண்டு. ஆயின், சிதறல்களைக் கோத்துக் கதைச்சுருக்கமாக்கிக் கொடுக்கும் ஆசிரியர், பரீட்சைக்கு உதவுகின்றாரேயன்றி வாசிப்புக்கு உதவுவதில்லை.

முற்போக்கு எழுத்தாளர் சிலரை இந்நாவல் எள்ளுவதால், அதனை வெறும் உருவவாதமென ஒதுக்குவதும் நமக்கு உடன்பாடன்று. பாலு தேடிச்செல்வோரிடம் ஜே. ஜே.யின் ஒவ்வொரு பக்கமே கிடைக்கின்றது. ஒரு மனிதனின் முழுமை ஏன் எவரிடமும் எஞ்சவில்லை, எத்தகைய சமூக உறவுகள் எழுத்தாளனைத் தனியனாக்கின என்பனவே வகுப்பில் நாம் எழுப்பவேண்டிய வினாக்கள். உருவத்தை விளக்காத சமூகவியல் விமர்சனம் பாதிவழியில் நின்றுவிடும்.